கடித்தாலும் இழுக்காத கை

14, சேப்பல் தெரு,
டர்ஹாம்.
18 ஜூன் 1974

என் தங்க மகள் ஏவ்ரிலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பெர்த்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள், பிள்ளைகள் இரண்டுக்கும் நான் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் இத்தனை வருஷமும் எல்லாக் கடிதத்தையும் ஆரம்பித்தேன். இன்றைக்கும் அப்படியே ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தால் பேனா ஓட மாட்டேன் என்கிறது. நான் சுகம்தான். அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும், எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அவர் கொட்டகையில் இருக்கும்போதே எழுதி முடித்துப் பெட்டியில் போட்டுவிடப் போகிறேன். அடுப்படி ஜன்னல் வழியாக அவர் தொப்பி தெரிகிறது.

மே மாதம் நான் எழுதிய கடிதத்தை நீ வைத்திருந்தால் கிழித்துப் போடு. அப்பாவுக்கு இடது கை தேறிவிட்டது, பிப்ரவரியில் வந்த பக்கவாதம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது, நீ ஆகஸ்டில் லீவு போட்டுக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடி வர வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதை நம்பித்தான் நீயும் லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். நான் தெரிந்து பொய் எழுதவில்லை கண்ணம்மா. அந்தப் பாழாய்ப்போன ஃபெரெட்டைப் பார்த்து ஏமாந்துபோய் எழுதினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்ததும் பக்கத்து வீட்டு செப் ஒரு சாக்குப் பையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். உள்ளே வெள்ளை ஃபெரெட், பெட்டை, கீரி மாதிரி முகம், பாம்பு மாதிரி நீளம், வாயைத் திறந்தால் ஊசி ஊசியாய்ப் பல். முன்னால் வைத்திருந்தவன் தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டே தொட்டு வளர்த்திருக்கிறான், அதனால் வெறும் கையைக் கண்டாலே பாய்ந்து கவ்வுகிறது. முயல் வளைக்குள் போகும், முயலை வெளியே விரட்டும், ஆனால் வெளியே வந்ததும் பிடிக்கப் போனால் விரல் போய்விடும், அப்படிப்பட்டதை யார் வைத்துக்கொள்வார்கள், தலையில் ஒரு போடு போட்டுவிடுவார்கள். செப் அப்பாவிடம், "டேய் ஹெட்லி, கடிக்கிறதையெல்லாம் ஒன்கிட்டதானே கொண்டாருவாங்க. இத நீ பாக்கறியா, இல்ல நானே முடிச்சிரட்டுமா" என்று கேட்டான். வாதம் வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நாற்றம் பிடித்த பிராணிகளை நாற்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த நான், அன்றைக்கு அதன் கூண்டுக்கு என் கையாலேயே வைக்கோல் கொண்டுபோய்ப் போட்டேன்.

அவர் பழக்கும் விதம் என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். கையுறை கூடாது. விரலை நீட்டக்கூடாது, முஷ்டியை மடக்கி, எச்சில் தடவி, வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து மூக்குக்குக் கீழே காட்ட வேண்டும். நக்கினால் நல்லது. கடித்தால் கையை இழுக்கவே கூடாது, இழுத்தால், கடித்தால் போதும் கை விலகிவிடும் என்று அது கற்றுக்கொள்ளும், அதன் வாய்ப் பக்கமாகவே கையை மெல்லத் தள்ளிக் கொடுத்துவிட்டு அது தானாக விடும்வரை பேசாமல் நிற்க வேண்டும். உனக்கு ஒன்பது வயதில் அப்படி நிற்கச் சொல்லிக் கட்டை விரலைக் கிழித்துக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு உங்கள் அப்பாவுக்கு நான் சோறு போடவில்லை.

இரண்டு வாரத்தில் செப் அடுப்படிக்கு வந்து, "மேபெல், ஒன் புருஷன் மனுஷனே இல்ல. நறுக்குனு கடிக்குது, மூஞ்சி சுளிக்கல, கை நடுங்கல, மழ வருமா வராதான்னு என்கிட்ட பேசிக்கிட்டிருக்கான். எந்தக் கைங்கற? அந்த நோவு வந்த கை!" என்றான். ஊரெல்லாம் அதே பேச்சு. கிளப்பிலிருந்து ஆட்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கைக்குத் தெம்பு வந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். மே முடிவதற்குள் அந்தப் பெட்டை கடிப்பதை நிறுத்திவிட்டது, அவர் சட்டைக்குள் சுருண்டு தூங்க ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் திங்கட்கிழமை, துணி துவைக்கிற நாள். நான் வெள்ளைத் துணியைக் கொடியில் போடுகிற நாளாகப் பார்த்துத்தான் நிலக்கரி லாரி வரும், உனக்குத் தெரியாததா. வாசலில் ஒரு டன் கரியைக் கடகடவென்று கொட்டினான். அந்தச் சத்தத்தில் கொட்டகைக்குள் பெட்டை மிரண்டிருக்க வேண்டும். லாரிக்காரனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்து கொட்டகையை எட்டிப் பார்க்கிறேன், அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலது கையால் தண்ணீர்ச் சட்டியைக் கழுவுகிறார், இடது கையின் சுண்டு விரல் பக்கத்துச் சதையைக் கவ்விக்கொண்டு அந்த ஃபெரெட் முழு நீளத்துக்கும் தொங்குகிறது. ரத்தம் அவர் பூட்ஸில் சொட்டுகிறது. அவரோ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். நான், "ஐயோ, கையைப் பாருங்க" என்று கத்தினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "எந்தக் கை?" என்று கேட்டார்.

உட்கார வைத்து டிங்சர் ஊற்றினேன். எலும்பு தெரிகிற காயம், இமைகூட அசையவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். பிப்ரவரியிலிருந்தே அந்தக் கையில் உணர்ச்சி கிடையாதாம். தூக்கும், பிடிக்கும், அவ்வளவுதான். நர்ஸ் வந்து கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்திப் பார்ப்பாள் அல்லவா, அதற்கு அவர், "நான் பாதிக் கண்ணுதான் மூடினேன். அவ ஊசி தொடறப்ப ஆன்னேன், அவளும் நல்லதுன்னு எழுதிக்கிட்டா" என்று பெரிய சாமர்த்தியம் போலச் சொல்லிச் சிரித்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "சொன்னா நீ புள்ளைக்கு எழுதுவ. அவ போட்டது போட்டபடி ஓடியாருவா. அவளுக்கு அங்க குடும்பம் இருக்கு, வேல இருக்கு. ஒரு கைக்காகவா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் டிங்சர் புட்டியை மேஜையில் வைத்த வேகம், மூடி எங்கே போனதென்று இன்னும் தேடுகிறேன். பிறகு அழுதேன். அவர் வலது கையால் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் டாக்டரை வரவழைத்தேன். உள்ளே அப்பாவிடம் நல்லபடியாகப் பேசிவிட்டு, வாசலில் கரிக்குவியலுக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் உள்ளதைச் சொன்னார். கை திரும்பாது. ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. இன்னொரு வாதம் வரும், வந்தால் தாங்க மாட்டார், நாளா மாதமா என்று தன்னால் சொல்ல முடியாது, வெளியூரில் பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்து கரியை அள்ளிப் போட்டேன், வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாற்பத்தொரு வருஷமாக சர்ச்சில் நான் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவேன், பிரசங்கம் நீண்டால் அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார். போன ஞாயிற்றுக்கிழமையும் பிடித்துக்கொண்டார். நான் செய்யக்கூடாததைச் செய்தேன் ஏவ்ரில், என் நகத்தை அவர் உள்ளங்கையில் அழுத்தினேன், கடவுள் மன்னிக்கட்டும், பலமாகவே அழுத்தினேன். அவர் பிரசங்கியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிப்ரவரியிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. பாட்டுக்கு எழுந்தபோது நான் அவரைச் சுற்றிக்கொண்டுபோய் வலது பக்கம் உட்கார்ந்தேன். பின் வரிசையில் இருப்பவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

மற்ற சேதி எல்லாம் சாதாரணம்தான். செப் போட்டிக்காக வளர்க்கிற லீக்ஸ் வெங்காயத்தண்டு இந்த வருஷமும் என் மணிக்கட்டுப் பருமன் வந்துவிட்டது, ராத்திரியில் யாராவது வெட்டிவிடுவார்கள் என்று கட்டிலைத் தோட்டத்தில் போடாத குறை. ஃபெரெட்டுக்கு இன்னும் பெயர் இல்லை. பதினாலு நாள் கடிக்காமல் இருந்தால்தான் பெயர் வைப்பது அப்பாவின் வழக்கம், கரி கொட்டின நாள் கடித்ததால் முதலிலிருந்து எண்ணுகிறார். மிரண்டு கடித்ததைக் கணக்கில் சேர்க்காதே என்று செப் சொல்லியும் கேட்கவில்லை. இன்றைக்கு எட்டாவது நாள். சின்ன வயதில் நீதானே எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பாய், அதனால் நேற்று என்னிடம், "பேர ஏவ்ரிலே வைக்கட்டும், கடுதாசியில எழுதி அனுப்பச் சொல்லு" என்றார். நீ கடிதத்தில் அனுப்பாதே. நேரில் வந்து வை. லீவு கொடுக்காவிட்டாலும் வா, பிள்ளைகளைக் கூட்டி வர முடியாவிட்டால் தனியாக வா, நான் வரச் சொன்னதாகச் சொல்லாதே, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல். நம்ப மாட்டார், ஆனால் சந்தோஷப்படுவார்.

தொப்பி நகர்கிறது, தேநீருக்கு வருகிறார் போல. மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். வழி நெடுக ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்ததும் அவருக்கு வலது பக்கம் உட்கார், அந்தக் கையைப் பிடித்துக்கொள். இடது பக்கம் உட்கார்ந்தால் நீ வந்தது அவர் கைக்குத் தெரியாது.

உன் வருகைக்குக் காத்திருக்கும் அம்மா,
மேபெல்