முசுறு போன மாமரம்

கல்லடி
05.11.2010

என் அன்பு மகள் றொவீனாவுக்கு,

ஆண்டவரின் கிருபையால் நான் சுகம். மெல்பேணில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே மாரி தொடங்கிவிட்டது. முழங்கால் வலி வழக்கம்போலத்தான்.

மார்கழியில் வந்து, மம்மியின் மாமரத்தடியில் பிள்ளைகளோடு மெழுகுதிரி ஏற்றப்போவதாக எழுதியிருந்தாய். மரம் எப்படி என்று மூன்று கடிதங்களில் கேட்டும், நான் மழையையும் வெயிலையும் எழுதிச் சமாளித்தேன். மரம் செத்துக்கொண்டிருக்கிறது, மகள். செய்தவன் நான்தான்.

போன வருடம் சண்டை முடிந்து, பதுளை வீதியில் லொறிகள் தடையில்லாமல் வரத் தொடங்கியபோது, செங்கலடிச் சந்தையில் ஆறு அந்தூரியம் சட்டிகள் வாங்கினேன். கடல் கொண்டுபோனவளுக்குக் கல்லறைதான் இல்லை, அவள் நட்ட மரத்தடியாவது பூவோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். சட்டி மண்ணுக்குள் மஞ்சள் எறும்பு இருந்திருக்கிறது. நீளக் கால், பேய் பிடித்ததுபோல் ஓட்டம், ஆனால் கடிக்காது. அது பெருகி மரமேறியதில், சில மாதங்களில் மரத்திலிருந்த சிவப்பு முசுறு எறும்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இலைகளைப் பின்னி அவை கட்டிய கூடுகள் வெறுமனே தொங்கின. சனியன் தொலைந்தது என்று பக்கத்து வீட்டு மெல்றோயிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு இலைகளில் கரி பூசியதுபோல் கறுப்புப் படிந்தது. பூக்கள் கருகின. வந்தாறுமூலை கம்பஸில் பூச்சிகளைப் பற்றிப் படிப்பிக்கும் ஏறாவூர் ஸாஹிர் வந்து, கொப்பை வளைத்துக் காட்டினார். காம்பெல்லாம் செதிற்பூச்சி. அது மரத்தின் சாற்றை உறிஞ்சி இனிப்புநீர் விடுமாம், அதில்தான் அந்தக் கறுப்புப் பிடிக்குமாம். அந்த இனிப்புக்காக மஞ்சள் எறும்பு அதை மாடுபோல் வளர்க்குமாம். “முசுறு கடிச்சாலும் மரத்துக்குக் காவல், அங்கிள். இது கள்ளனுக்குக் காவல்” என்றார்.

முசுறை நான் ஏன் வெறுத்தேன் என்று உனக்குத் தெரியாது. சுனாமி அன்று ஒரு கையால் அந்த மரத்தையும் மறு கையால் மம்மியையும் பிடித்திருந்தேன். தண்ணீருக்குப் பயந்த முசுறெல்லாம் மேலேறி என்னை மொய்த்தன. அலை பறித்தது என்றுதான் உனக்குச் சொன்னேன். கடி தாங்காமல் நான்தான் கையை உதறினேன். ஒரு நொடிதான், மகள். இத்தனை வருடமாகப் பழியை எறும்பின் மேல் போட்டுவிட்டுத்தான் நித்திரை கொண்டேன்.

சட்டிகளுக்குள் கொதிநீர் ஊற்றி அங்கிருந்த எறும்பை அழித்துவிட்டேன். ஸாஹிர் சீனியில் மருந்து கலந்து வைத்ததில் மஞ்சள் எறும்பு குறைந்திருக்கிறது. இனி ஒரு முசுறுக் கூட்டைக் கொண்டுவந்து கட்டினால் மரம் தப்பலாம், நிச்சயமில்லை என்கிறார். கொக்கட்டிச்சோலையில் அவருடைய நண்பரின் தோட்டத்தில் கூடு இருக்கிறதாம். பையில் கட்டித் தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். சனிக்கிழமை நானே போகிறேன். திரும்பும்போது வாவி கடக்கும் தோணியில் சனம் விலகி நின்றால் நிற்கட்டும். கூட்டை வெறுங்கையில்தான் ஏந்தி வருவேன். எவ்வளவு கடித்தாலும் இந்த முறை விடமாட்டேன்.

இதை வாசித்த பிறகும் உனக்கு வர மனமிருந்தால் வா, மகள். வரும் வழியெல்லாம் பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக்கொள். ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

உன் டடா,
எல்மோ