ரவி காட்டிய வெளிச்சம்

20.12.97, சனி
ஆஸ்பத்திரி இரவலாகத் தந்த அம்மாவின் கட்டிலை அவர்கள் வந்து இன்றுதான் எடுத்துப்போனார்கள். கார்ப்பெற்றில் நாலு சில்லின் பள்ளமும் அப்படியே இருக்கிறது.

பின்னேரம் நோர்வேயிலிருந்து தம்பி ரவி ரெலிபோனில் கதைத்தான். நான் களைத்துப்போனேனாம். டிக்கற் போட்டுவிட்டானாம். தை மாதம் வந்தால் வானத்தில் வடக்கு வெளிச்சம் காட்டுவானாம்.

பாரிசவாதத்தில் விழுந்த அம்மாவை மூன்று வருடம் தூக்கிக் குளிப்பாட்டியது நான். மனுகாவில் பார்த்த வேலையை அரைநாளாக்கியது நான். அவன் வரவில்லை. அகதியாகப் போனவன், பாஸ்போட் கிடைக்கவில்லை என்றான். செத்தவீட்டுக்கும் அதே பதில்தான். சரி, அவன் என்ன செய்வான் என்று எல்லாருக்கும் நானே சொன்னேன்.

பிறகு ஏன் இந்தக் கோபம்?

21.12.97
போகிறேன். "நேரில கதைச்சு மனதை ஆத்திக்கொண்டு வாரும்" என்றார் இவர்.

27.1.98, செவ்வாய். திரொம்சோ
வந்து சேர்ந்தேன். எங்கும் பனி. ரவிக்கு முன்தலை வழுக்கை. விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை.

30.1.98
இன்றும் மேகம். ரவி மீன் தொழிற்சாலையில் லீவு எடுத்துக்கொண்டு எனக்கு இடியப்பம் அவிக்கிறான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தொடங்கினால் அடுப்பைப் பார்க்க எழும்பிப்போகிறான்.

1.2.98, ஞாயிறு
பார்த்தேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கே கும்மிருட்டு. ஊருக்கு வெளியே கடலோரமாகக் காரை நிறுத்தினான். முதலில் மேகம் என்றே நினைத்தேன். அது மெல்லப் பச்சையாகி, மலைக்கு மேலே எழும்பி, வானத்தின் பாதியை எடுத்துக்கொண்டது. விளிம்பில் ஊதாநிறம். பனிகூடப் பச்சையாகத் தெரிந்தது. சத்தமே இல்லை. இவ்வளவு பெரிய ஒன்று சத்தமில்லாமல் நடப்பது பயமாக இருந்தது. வாயைத் திறந்தபடி நின்றேன்.

அப்போதுதான் ரவி சொன்னான்: "அம்மாவுக்கு இதைக் காட்டியிருக்கலாம்."

அடக்கிக்கொண்டு வந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. கடைசிக் கிழமை முழுக்க அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னேன். யார் உள்ளே வந்தாலும் "தம்பியோ?" என்று கேட்டதைச் சொன்னேன்.

அவன் சப்பாத்தால் பனியைக் கிளறினான். பிறகு, "பாஸ்போட் பங்குனியிலயே வந்திட்டுது, அக்கா" என்றான்.

அம்மா செத்தது ஆவணியில்.

"பயமாயிருந்தது. அம்மாவை அப்பிடிப் பார்க்க என்னால ஏலாது. நீங்கள் இருக்கிறியள்தானே எண்டு விட்டிட்டன்."

நான் இருந்தேன்தானே. ஓம். எனக்கு மட்டும் பார்க்க ஏலுமோ? எனக்குப் பயமில்லையோ? அவவின்ரை வாயால ஒழுகினதைத் துடைச்சுக்கொண்டு ரெலிபோனை அவவின்ரை காதில பிடிச்சது நான்தானேடா—

எல்லாம் மனதுக்குள்தான். குளிருது, போவம் என்றேன். வழி முழுக்க அந்தப் பச்சை கூடவே வந்தது. அழகாகத்தான் இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

3.2.98
நாளை பயணம். ரவி சமைத்துவைத்ததைச் சாப்பிட்டேன்.

8.2.98, ஹில்ஸ்பரோ, வீடு
வெயில். வெளிச்சம் எப்படியிருந்தது என்று மகள் கம்சாயினி கேட்டாள். பச்சை என்றேன். பாஸ்போட் கதையை இவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவனை மன்னிக்கச் சொல்வார்.

12.7.98, ஞாயிறு
ரவி கதைத்தான். அம்மாவின் ஒரு வருட ஆட்டத்திவசத்துக்கு வருகிறானாம், கொள்ளி வைக்காத பாவத்தை இதிலாவது கழிக்க வேண்டுமாம். "ஆவணி இருபத்திநாலுதானே, அக்கா? இருபதாம் தேதிக்கு டிக்கற் போடட்டோ?"

ஓகஸ்ட் இருபத்திநாலு அம்மா செத்த இங்கிலீசுத் தேதி. திவசம் திதிக்குத்தான். இம்முறை அது முந்தி, பதின்மூன்றாம் தேதியே வருகிறது என்று ஐயர் போன கிழமை சொல்லிவிட்டார்.

ஓம், போடு என்றேன்.

13.8.98, வியாழன்
திவசம் முடிந்தது. மகன் செய்யவேண்டியதை மருமகனாக இவர் செய்தார். அம்மாவுக்குப் பிடித்த பாகற்காய் குழம்பு நன்றாக வந்திருந்தது.

மாமா வருவதற்கு முதல் ஏன் செய்கிறோம் என்று கம்சாயினி இங்கிலீசில் கேட்டாள். திதி ஒருவருக்காகவும் நிற்காது என்றேன். இவர் சாப்பிடுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

இருபதாம் தேதி ரவியைக் கூட்டிவர நானே விமான நிலையம் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.