பச்சை வரிசை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. கை கொஞ்சம் நீளம். மடித்துவிட்டுக்கொள்கிறேன்.

வகுப்பில் ஒரு பலகை வைத்திருப்பதாகச் சொன்னேனே. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். காலையில் வந்ததும் பிள்ளைகள் தங்கள் பெயர் எழுதிய துணி கிளிப்பை, அன்று மனம் எப்படியோ அந்த நிறத்தில் மாட்ட வேண்டும். சிவப்பில் மாட்டுகிறவர்களை ஆலோசகர் அழைத்துப் பேசுவார். விளையாட்டுப் பீரியடில். அட்டவணை போட்டது நான்தான்.

இரண்டு மாதமாகப் பலகை முழுக்கப் பச்சை. தலைமையாசிரியர் போட்டோ எடுத்து மற்ற வகுப்புகளுக்குக் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் வகுப்பில் ஒரு ஓட்டக்காரி உண்டு. மூன்றாவது பெஞ்ச். தினமும் பச்சை. போன மாதம் ஒரு புதன்கிழமையும் பச்சை. அன்று மாலை உயிரை விடப் பார்த்தாள். மருத்துவமனையில் ஆறு நாள். பிழைத்துவிட்டாள்.

அந்தப் புதனுக்கு மறுநாள் பலகை முன் நின்றேன். அவள் கிளிப் பச்சையிலேயே இருந்தது. அவள் பக்கத்தில் உட்காருகிற வாயாடி வந்து சொன்னாள்: "செவப்புல மாட்டினா கிரவுண்டுக்குப் போக முடியாது மிஸ். எவளாவது மாட்டுவாளா? ஸ்கூலுக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

அழுகை வரவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.

இப்போது ஆலோசகர் கணக்குப் பீரியடில் அழைக்கிறார். முதல் நாளே பதினேழு சிவப்பு. "அதென்ன, என் பாடம்னா மட்டும் எல்லாருக்கும் மனசு சரியில்லாமப் போயிடுது?" என்று கணக்கு வாத்தியார் ஸ்டாஃப் ரூமில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

நேற்று அந்த ஓட்டக்காரி வந்தாள். மெலிந்திருந்தாள். கிளிப்பை எங்கும் மாட்டவில்லை. திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றாள். பிறகு, "மிஸ், உங்க கிளிப் எங்க?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தேடுகிற முகம். எனக்குக் கிடையாது என்றேன். தன்னுடையதை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அக்கா, ஞாயிறுதோறும் போனில் "நல்லா இருக்கியா?" என்று கேட்கிறாய். "நல்லா இருக்கேன்" என்கிறேன். உடனே அத்தானின் இருமல், குட்டியின் பரீட்சை என்று பேச்சு போய்விடுகிறது. இந்த ஞாயிறு நான் பதில் சொன்னதும் விட்டுவிடாதே. இன்னொரு தடவை கேள்.

உன் தங்கை