அது வசனம் இல்லை

கம்பம்
12.8.2024

அன்புள்ள எஸ்தர்,

போன் செய்தால் எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கும் ஆளாகிவிட்டாய். பி.எட். விடுதியில் என் தட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தின்றவள் என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷை நாடகமாக நடத்துகிறேன். பஸ் கண்டக்டர், தபால்காரர், டாக்டர். வசனம் பழகியதும் தாளை வாங்கிக்கொள்வேன். பிறகு சொந்தமாகப் பேச வேண்டும். திரிஷா என்றொரு பிள்ளை. இரண்டு வருஷமாக ‘பிரசன்ட் மிஸ்’ தவிர வாய் திறக்காதவள், இப்போது நோயாளியாக நடித்து டாக்டரோடு சண்டை போடுகிறாள்.

வெள்ளிக்கிழமை பார்வையிட வருவது நீதானாமே. மதியச் சாப்பாடு என் வீட்டில்.

உன் சகாயராணி

கம்பம்
19.8.2024

எஸ்தர்,

சாப்பிடாமலே போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் டாக்டராக நின்ற ஆதித்தன், கையில் என்ன புண் என்று இங்கிலீஷில் கேட்டான். கீழே விழுந்துவிட்டேன் என்பதுதான் பழகிய பதில். திரிஷா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “தலைமையாசிரியர் வீட்டுக் கக்கூசை ஆசிட் ஊற்றிக் கழுவினேன். வாரத்தில் மூன்று நாள்” என்று தப்பில்லாத இங்கிலீஷில் சொன்னாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

நீ எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாய். பார்த்ததை அறிக்கையில் எழுதிவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

சகாயராணி

தேனி
2.9.2024

என் சகாவுக்கு,

கோபப்படாமல் படி. ‘அது நாடகத்தில் வந்த வசனம்’ என்றுதான் எழுதினேன். விசாரணை என்று வந்தால் பிள்ளையைத்தான் குடைந்து குடைந்து கேட்பார்கள். தலைமையாசிரியர் அடுத்த வருஷம் ரிட்டயர்டு ஆகிறார். என் பதவியும் இன்னும் நிரந்தரமாகவில்லை, உன்னிடம் மறைப்பானேன்.

உன் நாடக முறை மேலே எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. அடுத்த பயிற்சியில் சேர்க்கச் சொல்கிறார்கள். எழுதி வைத்திருப்பதை அனுப்பு. உன் பெயரோடுதான் போடுவேன்.

அன்புடன்,
எஸ்தர்

ஆண்டிபட்டி
7.10.2024

எஸ்தருக்கு,

பிள்ளைகளைத் தூண்டிவிட்டதாக எனக்கு மெமோ வந்தது. பிறகு இந்த ஊருக்கு மாறுதல். இரண்டுக்கும் உன் அறிக்கையைத்தான் காட்டினார்கள். அது போகட்டும்.

நேற்று திரிஷா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா சங்கிலியம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“பிரேயர்ல நிப்பாட்டி, நான் சொன்னது பொய்யின்னு எம்புள்ள வாயாலயே சொல்ல வச்சிட்டாக டீச்சர். இனி அங்கன போகமாட்டேங்கிறா.”

இப்போது தாயும் மகளும் விடியுமுன் ஜீப்பேறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறார்கள். என்னைப் பார்த்ததும் திரிஷா உள்ளே போய்விட்டாள்.

அவள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தன்னைப் பற்றிப் பேசியது அன்றுதான். அதை நீ வசனம் என்று எழுதினாய்.

நாடகங்களை அனுப்பப்போவதில்லை. என் பெயர் எங்கும் வேண்டாம். எனக்குக் கடிதமும் வேண்டாம்.

மனசு வந்தால் அந்த இங்கிலீஷ் அறிக்கையை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் நீயே படித்துக் காட்டு. தமிழில் சொல்ல வேண்டியதில்லை. திரிஷாவுக்குப் புரியும்.

மா. சகாயராணி