ஞாயங்கேட்டவளின் இரட்டைக் கொம்பு

போடிநாயக்கனூர்,
திங்கட்கிழமை

அன்பு மகள் ஜெபஷீலாவுக்கு,

கர்த்தர் தந்த சுகத்தில் நானும் அம்மாவும் இருக்கிறோம். எடின்பரோ குளிரிலும் அந்தச் சுகம் உன்னைவிட்டு நீங்காதிருக்கட்டும். அம்மாவின் முழங்கால் வலி தணிந்திருக்கிறது. கடையில் பரீட்சைக் காலத்து நோட்டு வியாபாரம் தொடங்கிவிட்டது. தொலைபேசியில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும் என்பதால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். இரண்டு முறை படித்த பிறகு பதில் எழுது.

ராணி பொம்மக்காள் நினைவாக மலையடி அரண்மனையில், சுவரோவியங்களைச் சுற்றிக்காட்ட நீ வடிவமைத்த ஓவிய உலா சனிக்கிழமை தொடங்கியது. வழிகாட்டி தங்கபாண்டி நீ அனுப்பிய உரையை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தார். வடக்குச் சுவரில் ராணியின் முன் கைநீட்டி நிற்கும் பெண்ணருகே வந்ததும், கீழே எழுதியிருக்கும் பெயரைக் காட்டி, இவள் ‘ஞாயங்கெட்டவள்’ என்றும், நெறிதவறிய இவளையும் மன்னித்ததே ராணியின் கருணை என்றும் சொன்னார். தேவதானப்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்த ஒச்சாண்டியும் அவர் மனைவி மாயக்காளும் பங்காளிகளும் புதுத்துணி உடுத்தி முன்வரிசையில் நின்றிருந்தார்கள். படத்தில் இருப்பவள் அவர்களுடைய குலத்தாய். கடைமடைக்குப் போகும் தண்ணீரை அரண்மனை ஆட்களே அடைத்தபோது, ராணியின் முகத்துக்கு நேரே கேட்டு மடையைத் திறக்கவைத்தவள். அவளை ஞாயங்கேட்டாத்தா என்று இன்றும் கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு ஊரில் ஞாயங்கேட்டா வீடு என்றே பெயர். பின்னால் நின்ற ஒருவன், ஏலே ஒச்சாண்டி, கெட்டவ வீடுங்கறத ஒரு கொம்பு கூடப் போட்டுல்ல இத்தன நாளா ஓட்டியிருக்கீக என்றான். கூட்டம் சிரித்தது. மாயக்காள் யாரோடும் சண்டையிடவில்லை. நேரே என்னிடம் வந்து, உங்க மக எழுதுனதாமுல்ல அய்யா, படிச்ச பிள்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு எங்க சனமே இப்ப சந்தேகப்படுறாக, வர்ற சிவராத்திரிக்கு ஆத்தா முன்னாடி எந்த மொகத்தோட போயி நிக்கிறது என்று கேட்டார்.

அன்று மாலை உன்னிடம் சொன்னபோது, சுவத்துல இருக்கறதத்தானப்பா எழுதினேன், ஒரு எழுத்துதானே, அடுத்த சீசன்ல மாத்திக்கலாம் என்றாய். பழைய கையெழுத்தில் ‘கெ’யின் ஒற்றைக் கொம்பும் ‘கே’யின் இரட்டைக் கொம்பும் வேறுபாடின்றி எழுதப்பட்டன என்பது நீ அங்கே படிக்கும் பாடத்தின் முதல் வாரத்துச் செய்தி. கெட்டவளா, கேட்டவளா என்று அந்தச் சுவர் சொல்லாது. தேவதானப்பட்டியில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நீ எவரையும் கேட்கவில்லை. ராணியைப் போற்றுவதாகச் சொல்லி ராணியையும் சிறுமைப்படுத்திவிட்டாய். தன் ஆட்களின் தவற்றைக் குடியானவள் ஒருத்தி எடுத்துச் சொன்னபோது காதுகொடுத்தது அவர் பெருமை. உன் உரையில் அது இல்லை.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். நவம்பரில் அந்த எழுத்தின் படத்தை அனுப்பி, சரியாப்பா என்று கேட்டிருக்கிறாய். வரலாற்றில் முதுகலை படித்த நான், கடைக் கூட்டத்தில் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பாராமல் ‘சரி’ என்று பதில் போட்டிருக்கிறேன். நீ அதைச் சொல்லிக் காட்டவில்லை; நேற்று நானே தேடி எடுத்தேன். உன்மீதுள்ள கோபம் அதனால் குறையவில்லை, என்மீதும் அதே அளவு சேர்ந்திருக்கிறது.

வரும் சனிக்கிழமை அடுத்த உலா. அதற்கு முன் தங்கபாண்டிக்குத் திருத்திய உரை வந்தாக வேண்டும். கூடவே, மாயக்காளுக்கு உன் கைப்பட ஒரு கடிதம் எழுதிப் படமெடுத்து அனுப்பு. விளக்கம் வேண்டாம், பிழை என்று எழுது. அதை அந்தச் சுவரின் முன் நான் படிப்பேன், கீழே என் கையெழுத்தும் இருக்கும். வெள்ளி இரவுக்குள் வராவிட்டால் நானே ஒரு கடிதம் எழுதிப் படிப்பேன். பிழை செய்தவர் இருவர் என்பதை அதிலும் மறைக்கமாட்டேன். சிவராத்திரிக்கு அவர்கள் கூப்பிட்டால் போவேன், கூப்பிடாவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்வேன்.

வேளைக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காப்பாராக. எழுதும்போது ‘கே’யின் கொம்பை இருமுறை சுழித்துப் போடு, மாயக்காளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும், அந்த ஒரு எழுத்தை அவர் விரல் வைத்துப் பார்ப்பார்.

உன் தகப்பன்,
அ. ஜெபராஜ்