குழவிக்கல் தூக்காத கை

வெம்பக்கோட்டை
14.9.2006

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே மடங்காத இரண்டு விரல்களைத் தவிர உன் அப்பா முழுக்க நலம், அவர் வாயும் நலம், அதைக் கேட்டுக் கேட்டு நானும் நலம். டெல்லியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, டூட்டி முடிந்து தனியாக வராதே, மற்ற நர்ஸ் பிள்ளைகளோடு சேர்ந்தே வா. கேஸ் என்ன ஆனது என்று போனில் கேட்டாய், பூத்தில் பின்னால் ஆள் நின்றதால் சொல்ல முடியவில்லை. பட்டாசுக் கம்பெனியில் லோடு இறக்கும்போது மருந்து டிரம் சரிந்துதான் அப்பாவின் வலது கை நசுங்கியது. நஷ்டஈடு கேட்டதும் கம்பெனிக்காரர்கள், அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை, வீட்டில் மனைவிக்கு ஒத்தாசையாக ஆட்டுரலில் குழவிக்கல்லைத் தூக்கிக் கையில் போட்டுக்கொண்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம் ஆன நாள் முதல் குடித்த காபி டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன்! அவர் குழவி தூக்கியிருந்தால் நானே முதலாளிக்கு மாலை போட்டிருப்பேன். லேபர் ஆபீஸ் விசாரணையில் இதைச் சொன்னேன், அதிகாரியும் சிரித்தார், சிரித்து முடித்துவிட்டுச் சாட்சி உண்டா என்றார். கூட வேலை பார்த்தவர்கள் தீபாவளி சீசனில் வேலை போய்விடும் என்று வாயே திறக்கவில்லை, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பொய்யன் என்று பேர் வாங்கியதுதான் அப்பாவுக்குக் கையைவிட வலித்தது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியாத்தா கோயிலுக்குப் போனேன். எனக்கு முன்னால் போர்மேன் சங்கரபாண்டியன், குழவிக்கல் கதைக்குக் கையெழுத்துப் போட்ட அதே ஆள், வெள்ளித் தகட்டில் செய்த கை ஒன்றைப் பூசாரியிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறார். தகடு செலுத்தும்போது யாருக்கு, என்ன ஆனது என்று ஆத்தாவிடம் உள்ளபடி சொல்ல வேண்டும் இல்லையா, அவரும் சொன்னார், கூட்ட இரைச்சலில் கத்தியே சொன்னார். "ஊர்க்காவலன் பேருக்கு, கம்பெனியில டிரம்மு விழுந்து நசுங்குன கை, சீக்கிரம் நல்லாகணும் தாயே" என்றார். உன் அப்பா பேரைக் கேட்டதும் நான் பின்னாலிருந்து, "அண்ணாச்சி, அப்படியே அந்தக் குழவிக்கல்லுக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிருங்க" என்றேன். மனுஷன் திருநீறுகூட வாங்காமல் ஓடிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணையில் கம்பெனி பக்கச் சாட்சியே அவர்தான். நம் வக்கீலம்மா கற்பகத்திடம், இருக்கன்குடியில் யார் கைக்குத் தகடு செலுத்தினார், அது எங்கே அடிபட்ட கை என்று ஆத்தாவிடம் சொன்னார், இதை மட்டும் கேளுங்கள் என்றேன். கேட்டார். சங்கரபாண்டியன் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில், "இங்கன நெசத்தச் சொன்னா வேலைதான் போகும், ஆத்தாகிட்ட சொன்னத மாத்துனா நான் எங்கன போயி நிப்பேன்? டிரம்ம இறக்கச் சொன்னதே நாந்தான்யா" என்றார். அதிகாரி அப்படியே பதிந்துகொண்டார். கை கம்பெனியில்தான் போனது என்று முடிவாகிவிட்டது, நஷ்டஈடு எவ்வளவு என்பதுதான் பாக்கி. வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சங்கரபாண்டியன் அழுதார். அப்பாவும் கண் கலங்கி, "அண்ணாச்சி, அது வலிக்கிற கை, விடுங்க" என்றார். அந்த அண்ணாச்சி வேலை நிலைக்க வேண்டும் என்று நானும் ஆத்தாவிடம் வேண்டியிருக்கிறேன்.

நீ லீவு போட்டு ஓடி வர வேண்டாம், பொங்கலுக்கு நிதானமாக வா. தலைக்கு எண்ணெய் வை. ஆத்தா உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நேற்று நான் மாவாட்டும்போது அப்பா தானாக வந்து உட்கார்ந்து இடது கையால் குழவியைச் சுற்றினார். என்ன அதிசயம் என்றேன். "பாவம், கம்பெனிக்காரன் சொன்னது முழுப் பொய்யாப் போகக் கூடாதுல்ல" என்கிறார். போனில் பேசும்போது இதைக் கேட்டுவிடாதே, நிறுத்திவிடுவார்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா இருளம்மாள்