ஈரச் சுவரும் ஏழாம் மாதமும்

அக்டோபர் 20

மழை ஓய்ந்துவிட்டது. எங்கள் சுனாபட்டிப் பகுதி முழுக்க வெயில் கொளுத்துகிறது. எங்கள் பால்கனிச் சுவர் மட்டும் இன்னும் ஈரம். அந்தச் சொரசொரப்பான சிமென்ட் பூச்சின் குழிகளில் எல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. அதை ஒட்டிய அறையில்தான் பரீஹா பிரசவத்துக்கு வந்து படுக்க வேண்டும். ஏழாம் மாதம் முடிந்ததும் மகளைக் கூட்டிவரலாம் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருக்க, சம்மந்தி மெஹராஜ் போனில் சொல்லிவிட்டாள். "தப்பா நெனைக்காத மர்யம். பரீஹாவுக்கு ஏற்கனவே வீசிங். அந்த நசநசத்த வீட்டுக்கு எப்படி அனுப்ப? பிரசவம் இங்கயே இருக்கட்டும்."

தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லாமலா? அவள் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 22

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பூஞ்சையோடு பூச்சும் மணல் மணலாக உதிர்ந்தது. பதறிப்போய் நிறுத்தினேன். அப்புறம் துணி துவைக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர். கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டு போனால் அழுக்குக் கோடு விழவில்லை. கறுப்பு போயிற்று. ஈரம் போகவில்லை.

அக்டோபர் 25

இவர் தாராவித் தோல் பட்டறையிலிருந்து ஒரு டப்பாவோடு வந்தார். "வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். தோலுக்கு மேல ஃபினிஷ் அடிச்சா தண்ணி உள்ள போவுமா? சொவருக்கும் அதே கததான்." காலமெல்லாம் தோல் பை தைக்கிற மனிதர், உலகத்தில் எல்லாமே அவருக்குத் தோல்தான். இரண்டு கை அடித்தார். சுவர் புது ஷூ மாதிரி பளபளத்தது. போட்டோ எடுத்து மெஹராஜுக்கும் அனுப்பிவிட்டார்!

அக்டோபர் 26

மெஹராஜிடமிருந்து பதில்: "நேர்ல வந்து பாக்கேன்."

நவம்பர் 3

கொப்புளம். சுவர் முழுக்கக் கொப்புளம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதுக்கு இந்த மனுசன் கிட்ட விட்டேன்? பேசாமக் கெடந்த சொவரு —

இவர் ஒரு கொப்புளத்தைக் குத்திப் பார்த்தார். தண்ணீர் வழிந்தது. "ஈரத் தோல்ல ஃபினிஷ் அடிச்சவனப் பட்டறைய விட்டே வெரட்டியிருக்கேன். இப்ப என்னய யாரு வெரட்ட?"

"நான் இருக்கேன்லா" என்றேன். அழுதுகொண்டே சிரித்தேன்.

நவம்பர் 4

மழையே இல்லாமல் ஈரம் எங்கிருந்து வருகிறது? மத்தியானம் பால்கனியில் தலையை நீட்டிப் பார்த்தேன். மேல் வீட்டு ஏசியின் தண்ணீர்க் குழாய் காற்றில் ஆடி, எங்கள் சுவரின் வெளிப்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம்.

அகிலாண்டம் அக்கா வீடு. படுக்கையில் கிடக்கிற அவள் கணவருக்காகப் போட்ட ஏசி. இதைப் போய் எப்படிச் சொல்ல?

நவம்பர் 6

இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு இன்று போனேன். "ஏசிய நிறுத்தச் சொல்லலக்கா..." என்று ஆரம்பித்ததுதான்.

"ஏட்டி, இதச் சொல்லவா இப்படி முழிக்க? பரீஹா நான் தூக்கி வளத்த பிள்ளலா!" சாயங்காலத்துக்குள் நீளக் குழாய் மாட்டி, தண்ணீரைத் தன் பாத்ரூமுக்குள்ளேயே திருப்பிவிட்டாள். அந்த வீட்டுப் படியில் இறங்கும்போது உடம்பே லேசாக இருந்தது.

நவம்பர் 10

பளபளப்பை எல்லாம் இவரே சுரண்டி எடுத்தார். உதிர்ந்த இடங்களில் சிமென்டும் மணலும் குழைத்துப் பூசி, பழைய சொரசொரப்பு வரும்படி ஸ்பாஞ்சால் ஒற்றினேன். வெடிக்காமலிருக்க அதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். காய வைக்கப் பாடுபட்டுவிட்டு, இப்போது நானே நனைக்கிறேன்!

நவம்பர் 19

ஈரம் போயிற்றா என்று பார்க்க, பை சுற்றுகிற பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி, நாலு ஓரமும் டேப் போட்டிருந்தோம். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர். இன்னும் காயவில்லை.

நவம்பர் 27

தாளைப் பிரித்தேன். ஒரு சொட்டு இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

டிசம்பர் 1

மெஹராஜ் பைகுலாவிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேராகப் பால்கனி. சுவரை உள்ளங்கையால் தடவினாள், கையை மோந்து பார்த்தாள், அறைக்குள் போய் அங்கேயும் தடவினாள். "அண்ணன் அனுப்புன போட்டோல பளபளன்னு இருந்துச்சே?"

"அது பழைய டிசைன்" என்றார் இவர்.

அவள் சிரித்துவிட்டாள். "சரி, அடுத்த ஞாயித்துக்கிழம வந்து கூட்டிட்டுப் போங்க. அப்பறம் எங்க வீட்டுச் சொவரயும் அண்ணன் ஒருதரம் பாக்கணும்."

"வேண்டாம்" என்று நானும் இவரும் ஒன்றாகச் சொன்னோம்.

டிசம்பர் 8

பரீஹா வந்துவிட்டாள். மீன் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உம்மா, போதும், பஸ்" என்று பாதி இந்தியில் சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரமாகப் படுத்தாள். மூச்சில் அந்த விசில் சத்தம் வருகிறதா என்று கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை.

குறட்டைதான் வந்தது. அப்படியே அவள் வாப்பா.